அட்டைப் பெட்டிப் பள்ளிக்கூடம்

என் தம்பி வீட்டில் யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. அதற்குப் பெயர் இயற்கைக் கல்வி. எட்டு வயது மகளை மொட்டு என்று கூப்பிடுவார்கள். அவள் தானாக மலரட்டும் என்று தம்பியும் அவன் மனைவியும் பாதி வேலையை விட்டுவிட்டுக் காவல் காக்கிறார்கள். "பல் தேய்" என்று சொல்லவே மாட்டார்கள். "உன் பல்லு உன்கிட்ட என்ன சொல்லுது, கண்ணா?" என்று கேட்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பேன்.

நான் அதே கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கிறேன். பள்ளி வேன் ஓட்டுகிறேன். தம்பியின் பார்வையில், பிள்ளைகளைச் சிறைக்கு ஏற்றிப்போகிற வண்டிக்காரி. "தப்பா எடுத்துக்காதக்கா, உன்னைச் சொல்லலை, அந்த அமைப்பைச் சொல்றேன்" என்பான். அந்த அமைப்புக்கு டீசல் போடுவதே நான்தான்.

தினமும் காலையில் அவர்கள் கூடத்தில் வட்டமாக உட்காருவார்கள். மூன்று பேர் உட்கார்ந்தால் அது எப்படி வட்டம் என்று கேட்காதீர்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்றைக்கு எதைக் கற்க ஆசை என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். ஒருநாள் மொட்டு சொன்னாள்: "பள்ளிக்கூடம்."

தம்பி மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்க, அவளே கேட்டுட்டா!" அன்றே ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டியை வெட்டிக் கூடத்திலேயே ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். மணி, கரும்பலகை எல்லாம் வந்தன. தம்பி தொந்தியை மடக்கிக்கொண்டு குட்டி நாற்காலியில் மாணவனாக உட்கார்ந்தான். மற்ற மாணவர்கள் தலையணைகள். அவற்றுக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து வரிசையாகச் சாய்த்துவைத்திருந்தார்கள். வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியும் ஆயிற்று.

அவள் கேட்டது பள்ளிக்கூடம் போக. பள்ளிக்கூடத்தைப் பற்றிப் படிக்க அல்ல. என் வேனில் மூக்கொழுக வரும் வாண்டுக்குக்கூட இது புரியும். படித்த இரண்டு பேருக்குப் புரியவில்லை.

மறுநாள் நான் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மொட்டு வந்து நின்றாள்.

"அத்தை, தலையணை பேசவே மாட்டேங்குது."

"அப்பா பேசுவானே?"

"அப்பா எல்லாத்துக்கும் விட்டுக்கொடுக்கறாரு. எப்ப விளையாடினாலும் நானே ஜெயிக்கிறேன். அழுகையா வருது."

அன்றே என் வேன் போகிற பள்ளியின் தலைமையாசிரியையிடம் பேசினேன். பெற்றோர் சம்மதித்தால் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார். தம்பியிடம் போய்ச் சொன்னேன்.

"அவ இன்னும் தயாராகலைக்கா."

"யாரு, அவளா, நீயா?"

அதன்பிறகு ஒரு வாரம் அவன் என்னோடு பேசவில்லை. அதையும் மென்மையாகத்தான் செய்தான்.

திங்கட்கிழமை காலை எங்கள் தெருப் பிள்ளைகள் வேனில் ஏறும்போது மொட்டும் கூடவே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். தோளில் ஒரு தலையணை உறையைப் பையாக மாட்டியிருந்தாள். தம்பியும் மனைவியும் செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார்கள். தம்பி வேன் படியருகே மண்டி போட்டான்.

"மொட்டு, உன் மனசு இப்ப என்ன சொல்லுது?"

"பள்ளிக்கூடம் போன்னு சொல்லுது."

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"இறங்குடி கீழே!" என்று கத்தினாள் அவன் மனைவி. அந்தக் குடும்பத்தின் முதல் கட்டளை. கத்தியவளே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்ற பெற்றோர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நேரமாகுதுடா" என்றேன். "இறக்கணும்னா நீயே கையைப் பிடிச்சு இழு. நான் இழுக்கமாட்டேன்."

அவன் கை நீண்டது. பாதியில் நின்றது. "இன்னிக்கு ஒருநாள் போயிட்டு வரட்டும்" என்று முனகினான்.

அப்போது கடைசியாக ஏறிய ஒரு சண்டைக்காரச் சிறுமி மொட்டின் முன்னால் போய் நின்றாள். "ஏய், அது என் இடம். தள்ளு!"

மொட்டு வாயைப் பிளந்தாள். அவளிடம் யாரும் அப்படிப் பேசியதே இல்லை. பாதி இடத்தை மட்டும் விட்டு, "மீதியைத் தரமாட்டேன், போ!" என்றாள். அவள் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டதில்லை. முழங்கை முழங்கையை இடித்தது.

தம்பியும் மனைவியும் கையசைப்பதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே காத்திருந்தார்கள். சண்டை மும்முரத்தில் அவள் திரும்பவே இல்லை. நான் வண்டியை எடுத்தேன்.