சிவப்புப் பொத்தான்

மார்ச் நான்காம் தேதி திங்கட்கிழமை காலை, பி பிளாக்கின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே யாரும் இல்லை.

ஐந்தாம் மாடி ஆடிட்டருக்கு இது பிளாக்கின் வாட்ஸ்அப் குழுவில்தான் தெரிந்தது. வாசல் கதவைத் திறந்து பார்த்து யாரும் இப்போதெல்லாம் எதையும் தெரிந்துகொள்வதில்லை. செய்தி போட்டவர் செயலாளர். தினமும் விடிந்ததும் பூப்படத்தோடு வணக்கம் சொல்வதால் அவருக்கு ‘குட்மார்னிங்’ என்று ஆடிட்டர் பெயர் வைத்திருந்தார். லிஃப்ட் நின்ற செய்தியின் கீழேயும் ஒரு ரோஜா இருந்தது. பாதிப் பேர் கைகூப்பியிருந்தார்கள். எதற்கென்று ஆடிட்டருக்கு விளங்கவில்லை.

வேறு சமயமாக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு படியிறங்கிப் போயிருப்பார். ஆனால் மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் முடிந்து, வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். படியேறக் கூடாது. அதற்குள் லிஃப்ட் ஓடாவிட்டால் அவள் தங்கை வீட்டுக்குத்தான் போக வேண்டும், அது தரைத்தளம்.

“எங்க வேணா கொண்டு போங்க, அவ வீட்டுக்கு மட்டும் வேண்டாங்க,” என்றாள் மனைவி, கட்டிலில் கிடந்தபடியே. “ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு ஊரெல்லாம் சொல்லுவா.”

இருக்கிற கம்பெனியையே கூப்பிடலாமா, வேறு கம்பெனி பார்க்கலாமா என்று குட்மார்னிங் குழுவில் வாக்கெடுப்பு வைத்தார். முதல் மாடிக்காரர் படியேறுவதால் இதயத்துக்கு வரும் நன்மைகளைப் பற்றி வீடியோ அனுப்பினார். தரைத்தளத்துக்காரர், லிஃப்ட் தேவையா என்று அடிமடியிலேயே கை வைத்தார். புதன்கிழமை மெக்கானிக் வருவார் என்பது ஒருவழியாக முடிவானது. வந்தால் யார் பார்த்துக்கொள்வது என்றதும் குழுவில் அதுவரை காணாத அமைதி. இந்தக் கூட்டத்தை நம்பினால் விளங்கின மாதிரிதான் என்று ஆடிட்டரே பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

அந்தக் கட்டடத்தின் கேட்டுக்கு ஒரு செயலி உண்டு. முன்பு காவலாளி, வருகிறவர் முகத்தைப் பார்த்து உள்ளே விடுவார். இப்போது முகத்தைப் படம் பிடித்து வீட்டுக்காரர் போனுக்கு அனுப்ப வேண்டும். அவர் பச்சைப் பொத்தானைத் தொட்டால் உள்ளே விடலாம். சிவப்பு என்றால் கூடாது. ஆறாம் மாடி இளம் தம்பதியின் வீட்டுக்கும் ஆடிட்டரின் போன் எண்ணையே தவறாகப் பதிந்துவிட்டார்கள். அந்தத் தம்பதி சீப்பையும் சோப்பையும்கூடத் தனித்தனியாகத்தான் வரவழைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஹெல்மெட் போட்ட முகம் ஒன்று ஆடிட்டர் போனில் முளைக்கும். எண்ணை மாற்றச் சொல்லிக் குழுவில் எழுதிப் பார்த்தார், கைகூப்பினார்கள். அதன்பின் முகத்தைப் பார்க்காமலே சிவப்பைத் தொடுவது அவருக்குப் பழகிவிட்டது.

புதன்கிழமை சொன்ன நேரத்துக்கு மெக்கானிக் வரவில்லை. ஆடிட்டர் சோபாவில் சாய்ந்து குழுவுக்கு ஒரு கண்டனம் எழுதத் தொடங்கினார். நேரத்தின் அருமை தெரியாதவர்கள், பொறுப்பில்லாத கம்பெனி, தட்டிக் கேட்காத சங்கம். நன்றாகவே வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு ஹெல்மெட் முளைத்தது. சிவப்பு. ‘அலட்சியம்’ என்பதற்குப் பொருத்தமான அடைமொழி தேடுகையில் மறுபடியும் ஒரு ஹெல்மெட். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் சிவப்பு. கண்டனம் போய்ச் சேர்ந்ததும் பலர் கைதட்டும் படம் போட்டார்கள். அவர்கள்மேல் கொஞ்சம் மதிப்புகூட வந்தது.

மதியம் கீழே இறங்கிக் காவலாளியிடம் விசாரித்தார்.

“வந்தாரே சார். நீங்கதான் ரெண்டு தடவையும் வேண்டாம்னுட்டீங்க.”

“ஒரு போன் பண்ணக் கூடாதாப்பா?”

“போன வாரம் போன் பண்ணினதுக்கு, ஆப் எதுக்கு இருக்குன்னு நீங்கதான சார் சத்தம் போட்டீங்க?”

ஆடிட்டர் கம்பெனிக்குப் பேசினார். அடுத்த முறை திங்கட்கிழமைதான் என்றார்கள். கண்டனத்தை அழிக்கப் பார்த்தார். குட்மார்னிங் அதை மற்ற பிளாக்குகளுக்கும் அனுப்பிவைத்திருந்தார், ரோஜாவோடு.

வியாழக்கிழமை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மனைவி ஒன்றுதான் கேட்டாள்.

“மெக்கானிக் வரவே இல்லையா?”

“கம்பெனி சரியில்லை,” என்றார்.

மச்சினி கதவை அகலத் திறந்துவைத்திருந்தாள். “வாக்கா. லிஃப்ட் இருக்கிற வீடுன்னு நீ பெருமையா சொன்னப்பவே நெனச்சேன். அத்தான், செருப்ப வெளியிலயே விடுங்க.”

லிஃப்ட் திங்கட்கிழமை மதியம் ஓடத் தொடங்கியது. சிவப்பைத் தொட்டது யார் என்பது அதற்குள் காதுக்கு எட்டியிருந்ததால், மனைவி மாதக் கடைசிவரை தங்கை வீட்டிலேயே இருந்தாள்.