தட்டாமல் வாங்க, மேஸ்திரி

ஆட்டையாம்பட்டி சாலையில் இருந்த அந்த நூற்பாலையில் பயிற்சிக் கூடம் என்பது பழைய பஞ்சுக் கிடங்கின் ஒரு பாதிதான். நூலைக் கூம்பாகச் சுற்றும் இரண்டு பழைய கோன் மெஷின்கள், ஒரு கரும்பலகை, மூலையில் தண்ணீர்ப் பானை. அந்தக் கூடத்துக்குள்தான் வசந்தாமணியை யாராவது கூப்பிடுவார்கள்.

"டீச்சருங்க, இந்த முடிச்சப் பாருங்க."

"டீச்சருங்க, என்ற கோனு சரிஞ்சுக்கிட்டே போகுது."

மாலையில் குவார்ட்டர்ஸ் பூட்டைத் திறந்து உள்ளே போய்விட்டால், மறுநாள் காலை வரை அவளை அழைக்க ஒருவரும் இல்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஒருத்திக்கு மட்டும் சோறு வடிப்பாள்.

கல்யாணமாகி ஒரு வருடம் முடிவதற்குள் கணவன் காய்ச்சலில் போய்விட்டான். அந்த வீட்டுக்கு அவன் ஒரே பிள்ளை. அதன் பிறகு எருமப்பட்டியில், அண்ணன் வீட்டுப் பின்கட்டு அறையில் சில வருடங்கள் இருந்தாள். விசேஷ வீட்டுக்குக் கிளம்பும்போதெல்லாம் அண்ணி, "நீ ஊட்ல இருந்துக்க கண்ணு" என்பாள். அன்பாகத்தான் சொல்வாள். அந்த அன்பைத் தாங்க முடியாமல்தான் வசந்தாமணி கோயமுத்தூர் போய்ப் பயிற்சி எடுத்துக்கொண்டு, இந்த வேலையில் சேர்ந்தாள்.

அதற்கும் இப்போது கேடு வந்துவிட்டது.

"உங்க கூடத்துல எல்லாரும் பாஸ்" என்றார் மேனேஜர். "ஷெட்டுக்கு வந்தா உற்பத்தி பாதிதான். அப்போ நீங்க கத்துக்குடுத்தது எங்கேம்மா போச்சு? இந்த பேட்ச்சும் தேறலைன்னா கூடத்தை மறுபடியும் கிடங்காக்கிடலாம்னு முதலாளி சொல்றார்."

வசந்தாமணிக்குப் பின்கட்டு அறையின் சின்ன ஜன்னல் கண்முன் வந்தது.

அவளுக்குப் புரியவில்லை. பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல அவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தவில்லை. மெஷின் முன்னால் நிற்கவைத்துத்தான் சொல்லிக் கொடுத்தாள். அறுந்த நூலை முடிச்சுப் போடவும், நூல் தீர்ந்த பாபினை மாற்றவும், ஓடும் கோனில் கை வைக்காமல் இருக்கவும் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். அவள் வைத்த பரீட்சையிலும் தேறினார்கள். ஆனால் பரீட்சை நடந்ததெல்லாம் கூடத்தில். ஷெட்டுக்குள் போன பிறகு அவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அவள் நின்று பார்த்ததே இல்லை.

மறுநாள் ஷெட்டுக்குள் போய்த் தூண் ஓரமாக நின்றுகொண்டாள்.

மெஷின் இரைச்சலில் பேச்சு கேட்காது. இந்த பேட்ச்சில் தேறி வந்திருந்த கண்ணாத்தாளின் கைகளையே பார்த்தாள். அறுந்த நுனியைத் தேடி, முடிந்து, விட்டு, அடுத்ததற்குப் போயின. கூடத்தில் பார்த்த அதே வேகம். என்ன குறை என்று நினைக்கும்போதே சத்தம் வந்தது.

டக். டக்.

சென்னியப்பன் மேஸ்திரி மெஷின்களுக்கு நடுவே இருந்த சந்தின் முனையில் நின்று, மெஷினின் இரும்பு விளிம்பில் ஸ்பேனரால் தட்டினார். கண்ணாத்தாள் கையில் இருந்த நூலை அப்படியே விட்டாள். பின்னால் நகர்ந்து, சுவரோடு ஒட்டி, தலை குனிந்து நின்றாள். பக்கத்தில் பொன்னாயியும் ஒதுங்கினாள். மேஸ்திரி தரையைப் பார்த்தபடி வேகமாக நடந்து போனார். அவர் தலை மறைந்த பிறகே இருவரும் திரும்பி வந்தார்கள். அதற்குள் நூல்கள் அறுந்து பாதி மெஷின் நின்று போயிருந்தது. மேஸ்திரிக்கோ நாள் முழுக்கச் சுற்றி வருவதுதான் வேலை.

ஏன் அப்படி ஒதுங்கினாள் என்று சாப்பாட்டு நேரத்தில் கண்ணாத்தாளிடம் கேட்டாள்.

"அவிய எங்கூட்டுக்காரருக்குப் பெரியப்பன் மகனுங்க. அண்ணன் முறையாகுதுங்க. எதுக்க எப்படீங்க நிக்கறது?"

"எனக்கும் அதே முறைதானுங்க" என்றாள் பொன்னாயி. "இந்த ஷெட்டுல பாதிப் பேரு அவியளுக்குத் தம்பி பொண்டாட்டிதானுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். வசந்தாமணி சிரிக்கவில்லை.

"இதைக் கூடத்திலேயே ஏன் சொல்லலே?"

"கூடத்துல அவிய எங்கீங்க இருந்தாங்க? நீங்க மட்டுந்தானுங்களே இருந்தீங்க." கண்ணாத்தாள் ஆச்சரியமாகப் பார்த்தாள். "இது உங்களுக்குத் தெரியாதுங்களா டீச்சர்?"

தெரியும். கணவனின் அண்ணன் வந்தால் தம்பி மனைவி ஒதுங்கி நிற்பதை உறவுக்காரர் வீடுகளில் பார்த்திருக்கிறாள். ஆனால் அவள் வாழப் போன வீட்டில் யாருக்காகவும் ஒதுங்கி நிற்க வேண்டியிருந்ததில்லை. ஒதுங்குவதற்கும் உறவு வேண்டுமே! அதனால்தான் அவள் போட்ட பாடத்தில் இது இல்லாமல் போனது.

அன்று மாலையே மேஸ்திரியைக் கூடத்துக்கு வரச் சொன்னாள். அவர் ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க டீச்சரம்மா. பொண்டு புள்ளைக ஒதுங்கிக்கட்டும்னுதான் மரியாதையாத் தட்டிப்போட்டுப் போறனுங்க."

"அந்த மரியாதையிலதான் மெஷின் நின்னு போகுது, மேஸ்திரி. இனிமே தட்டாம வாங்க."

"ஏனுங்க, அப்ப நான் மரியாதை கெட்டவனா நடக்கோணுமுங்களா?"

"ஷெட்டுல மட்டும். அதுக்கும் பழகணும். நாளையிலிருந்து நீங்களும் இங்கே படிக்க வாங்க."

இந்த வயதில் படிப்பா என்று அவர் முனகினார். ஆனாலும் வந்தார். ஸ்பேனரை வாங்கி ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, பெண்களையும் மறுபடி கூடத்துக்கு வரவழைத்து, அவர்கள் வேலை செய்யும்போது நடுவில் நடக்கச் சொன்னாள். முதல் தடவை, சந்துக்குள் நுழையும் முன் பலமாக இருமினார். எல்லாரும் சுவரோரம் போய்விட்டார்கள். அடுத்த தடவை இருமலை அடக்கிக்கொண்டு, "சாமி, வாரேன் சாமி!" என்றார். மறுபடியும் சுவர்.

"யார் வந்தாலும் நிமிராதீங்க" என்று வசந்தாமணி சொல்லிக்கொண்டே இருந்தாள். "கண்ணு நூல்லதான் இருக்கணும்."

அப்போதும் கண்ணாத்தாளின் முடிச்சு நழுவியது. பொன்னாயிதான் வழி கண்டுபிடித்தாள்.

"விடு கண்ணாத்தா. ஷெட்டுல ஒதுங்கி நிக்காததுக்கும் சேத்து, அவிய ஊட்டுக்கு வாரப்ப ரெண்டு மடங்கா எந்திரிச்சு நின்னு போடலாம்."

மேஸ்திரியே சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு நடந்தபோது இருமலை மறந்து போனார். அன்றுதான் முதல்முறையாக ஒருத்தியும் நகரவில்லை.

இந்த முறை பரீட்சையை வசந்தாமணி கூடத்தில் வைக்கவில்லை. ஓடுகிற மெஷினில், மேஸ்திரியைச் சுற்றி வரச் சொல்லிவிட்டு, மேனேஜரை அழைத்துப் போய்க் காட்டினாள். அவர் ஷிப்ட் முடியும்வரை இருந்து, நிறைந்த கோன்களைப் பார்த்தார்.

"அடுத்த பேட்ச் எடுத்துக்குங்கம்மா" என்றார். "இனிமே பரீட்சையை இங்கேயே வைங்க."

அந்தச் செய்தியை யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும்போல் இருந்தது. சந்துக்குள் நுழைந்து கண்ணாத்தாளின் அருகில் போய் நின்றாள். கண்ணாத்தாளின் விரல்கள் நூலை முடிந்தன, விட்டன, அடுத்ததற்குப் போயின. அவள் நிமிரவில்லை. பொன்னாயியும் நிமிரவில்லை. வசந்தாமணி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அதற்கு மேல் நிற்பது சரியில்லை என்று பட்டதும், சந்தின் மறுமுனை வரை நடந்து வெளியே வந்தாள். ஒருத்தியும் தலை தூக்கவில்லை. அவள் சொல்லிக் கொடுத்தபடியே எல்லாம் நடந்தது.

கூடம் காலியாக இருந்தது. புதிய பெண்கள் வர இன்னும் சில நாட்கள் இருந்தன. ஜன்னல் ஓரம் மேஸ்திரி மறந்துவிட்டுப் போன ஸ்பேனர் கிடந்தது. அதை எடுத்தாள். மெஷின் விளிம்பில் மெதுவாகத் தட்டினாள்.

டக். டக்.

சத்தம் கிடங்கின் மறுகோடிவரை போய் அடங்கியது. ஒதுங்கி நிற்க அங்கே ஒருவரும் இல்லை. பிறகு ஸ்பேனரை வைத்துவிட்டு, ஈரத் துணியை எடுத்துக் கரும்பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.