இடப்பக்க மீசை

தேவாலயத்தில் மகள் முதல்நன்மை வாங்கும் நாளின் விருந்துக்குப் பிரியாணிக் கிடாரம் வாங்க, பேசாலையிலிருந்து ரொபின்சனும் மனைவி இமெல்டாவும் மன்னார் நகரத்துக்கு வந்திருந்தார்கள். இமெல்டாவைப் பாத்திரக்கடை வாசலில் இறக்கிவிட்டு, மோட்டார் சைக்கிளை எங்கோ நிறுத்திவிட்டு நடந்து வந்தான் ரொபின்சன். ஒரு மணித்தியாலம் கழித்து, கிடாரத்தைத் தலையில் சுமந்தபடி வெளியே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“பைக் எங்க?” என்றாள் இமெல்டா.

“கழுதைக்குப் பக்கத்தில விட்டனான்.”

மன்னாரில் கழுதைக்கா பஞ்சம்? அந்தத் தெருவிலேயே ஏழு நின்றன.

“எந்தக் கழுதை?”

“தேர்தல் நோட்டீஸ் திண்ட கழுதை.”

“ஐயோ, எந்த றோட்டு? என்ன கடை?”

ரொபின்சன் கடையையும் பார்க்கவில்லை, றோட்டையும் பார்க்கவில்லை. மதிலில் ஒட்டியிருந்த வேட்பாளரின் முகத்தைக் கழுதை தாடையிலிருந்து மேலே மேலே தின்றுகொண்டிருந்தது. மீசையை விடுமா, விடாதா என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான்.

“வலப்பக்க மீசையத் திண்டிட்டுது. இடப்பக்கம் மிச்சம். அதுக்குள்ள நீ போன்ல கோல் எடுத்திட்டாய்.”

“அப்ப வாங்கோ, மீசையத் தேடுவம்.”

அது லேசாக இல்லை. மதிலுக்கு மதில் அதே முகம். ஒன்றில் கழுத்தைக் காணவில்லை, ஒன்றில் வாயைக் காணவில்லை, ஒன்றில் தலைமயிர் மட்டும். இருவரும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார்கள். குனியும்போதெல்லாம் கிடாரம் மதிலில் ‘டங்’ என்று இடித்தது.

“எவ்வளவு கவனமாப் பாக்கிறீங்கள்!”

திரும்பினால், அதே முகம், முழு மீசையோடு. வேட்பாளர் சுகந்தன். தன் நோட்டீஸுக்கு முன்னால் ஒருவரும் இவ்வளவு நேரம் நின்றதில்லை என்று அவருக்குக் கண் கலங்கியிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் முகம் தொங்கிப்போனது.

“எல்லாத்தையுமோ திண்டிட்டுதுகள்?” என்றார். பிறகு யோசித்தார். “இடப்பக்க மீசையோ? மீன் சந்தைக்குப் பின்னால பாருங்கோ. அதில வலப்பக்கம் கோதுமைப் பசை கூடிப்போச்சு. எல்லாம் என்ர கையால ஒட்டினது, ஒவ்வொண்டும் எனக்குத் தெரியும்.”

மூவருமாகப் போனார்கள். பாதி மீசைக்குக் கீழே பைக் நின்றது. ரொபின்சன் ஏறி ஸ்டார்ட் செய்தான். இமெல்டா பின்னால் ஏறும்வரை சுகந்தன் கிடாரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப என்னை மறந்திடாதேங்கோ. நகரசபைக்கு உங்கட வோட்டு...”

“ஐயோ அண்ணை,” என்றாள் இமெல்டா, “எங்கட வோட்டு பேசாலையில எல்லோ!”

சுகந்தன் கிடாரத்தை அவள் மடியில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டுப் படலையைத் தட்டப் போனார்.