அப்படி ஒரு வார்த்தை கிடையாது

எனக்கு முன்கோபம் உண்டு. அதைவிடப் பெரிய வியாதி, எனக்குத் தெரியாத ஒன்று உலகத்திலேயே இருக்க முடியாது என்ற நினைப்பு.

மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் எங்கள் வீட்டு மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை ஆறு பேர் கூடுவோம். வழக்கொழிந்த ஆங்கில வார்த்தைகளைத் தேடிப் பிடிப்பதுதான் பொழுதுபோக்கு. அதிலும் ‘அன்’, ‘இன்’ என்று மறுப்பில் தொடங்குபவை மட்டும். ‘இன்சல்ஸ்’ என்று ஒன்று. உப்பில்லாதது என்று பிறந்து, மந்தபுத்திக்காரன் என்று வாழ்ந்து செத்துப்போன வார்த்தை. இப்படி ஒன்று சிக்கினால் எங்களுக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

ஆறு பேரில் ஒருவர் ஜான். பாலவாக்கத்தில் படகு என்ஜின் ரிப்பேர் செய்பவர். பழைய பேப்பர் கடையில் வாங்கிய அட்டையில்லாத அகராதி ஒன்றைப் படித்துப் படித்தே எங்களோடு சேர்ந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் ‘அன்வெதர்’ என்று ஒரு வார்த்தை கொண்டுவந்தார். கெட்ட வானிலை, புயல் என்று அர்த்தமாம்.

“எங்க நைனா கடலோட போன அன்னிக்கி அப்டித்தான் இருந்திச்சிண்ணே. அதுக்குன்னு ஒரு பேர் கீது பாருங்க” என்றார். முகமெல்லாம் சந்தோஷம்.

“அப்படி ஒரு வார்த்தையே கிடையாதுய்யா. புயலும் வெதர்தானே? சும்மா அளக்காதீர்!” என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்கப்புறம் ஜான் வரவேயில்லை.

போன வாரம் திருவல்லிக்கேணியில் ஒரு தடிமனான பழைய அகராதி வாங்கினேன். புரட்டினால், அட கடவுளே, இருக்கிறது! ‘அன்வெதர்: புயல். வழக்கொழிந்தது.’ வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவி ஜெயஸ்ரீதான், “ஆத்துல உக்காந்துண்டு புலம்பினா ஆச்சா? போய் மன்னிப்புக் கேட்டுண்டு வாங்கோ” என்று விரட்டினாள்.

பாலவாக்கத்தில் ஜான் வாசலிலேயே நாற்காலி போட்டார். டீ கொடுத்தார். நான் அகராதியைப் பிரித்துக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

“தெரியும்ண்ணே. மறுநாளே எங்க புக்க எடுத்துக்கினு வந்தேன். படிக்கட்டாண்ட நிக்கசொல்ல, நீங்க போன்ல யார்கிட்டயோ பேசிக்கினு இருந்தீங்க. மீன்காரனுக்கெல்லாம் அகராதி எதுக்குய்யான்னு.”

சொன்னேன்தான். சொன்னதும் மறக்கவில்லை, சிரித்ததும் மறக்கவில்லை. அவர் காதில் விழாத வரைக்கும் அது தப்பாகவே எனக்குத் தோன்றவில்லை. என்ன மனுஷன் நான்!

“என்னை மன்னிச்சிடுங்க ஜான்” என்றேன்.

“எனக்கு ஒன்னுமில்லண்ணே. எத்தினியோ கேட்டவன் நான். ஆனா அன்னிக்கி எம் பொண்ணு அஸ்வினி கூட வந்திச்சி. பத்தாவது படிச்சிக்கினு இருந்திச்சி. உங்கள பாக்கணும்னு அதுக்குத்தான் ஆச. அதுதான் புக்க தூக்கிக்கினு நின்னுச்சி.”

“கொஞ்சம் கூப்பிடுங்களேன்.”

“அஸ்வினி, மயிலாப்பூர் சார் வந்து கீறாரு” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“எனக்கு வேல கீது நைனா.”

டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன். அவள் வரவில்லை. எழுந்து, மூடியிருந்த உள்கதவைப் பார்த்து, “தப்பு என்னோடதும்மா” என்றேன்.

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. கொஞ்சநேரம் கழித்து மறுபடி ஆரம்பித்தது.