கொய்யாப்பழக் கவர்

ரக்ஷிதா மூச்சை அடக்கிக்கொண்டு கறுப்புப் பையின் முடிச்சை அவிழ்த்தாள். ரப்பர் கையுறைக்குள் விரல்கள் அதற்குள் வேர்த்து நசநசத்துப் போயிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில், போன வாரம்தான் தெருக்காரர்கள் கூடிக் கழுவி, இனி யாரும் குப்பை போடக் கூசட்டும் என்று பெரிய கோலமாகப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோலத்தின் நட்டநடுவில் பை உட்கார்ந்திருந்தது. வாய் திறந்ததும் புளித்த சோற்றின் வாடையும் அழுகிய மத்தி மீன் வாடையும் சேர்ந்து எழும்பின. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கைய உள்ள விட்டுப் பாரும்மா. அட்ரஸ் ஏதாச்சும் மாட்டும்," என்றார் ஸ்ரீகண்டன். தெரு நலச் சங்கத்தின் செயலாளர். ஐந்தடி தள்ளி நின்று, ஒரு கையால் கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு மறு கையால் ஃபோனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது ஐந்து வாரம். மூலையில் போட்ட பையைப் பிரித்து, கூரியர் கவரோ மருந்துச் சீட்டோ கரண்ட் பில்லோ, பேர் உள்ள காகிதம் ஏதாவது கிடைத்தால், அந்தப் பையை அந்த வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். அதை வீடியோ எடுத்து தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். இதுவரை மூன்று வீடுகள் மாட்டியிருந்தன. பிரிக்கும் வேலை ரக்ஷிதாவுக்கு வந்தது அவளுடைய நோட்டால். பகலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடும் வேலை, மாலையில் பி.காம். வகுப்பு என்று இருந்தவள், தெருக் கூட்டத்தில் ஒருநாள் தேதி, நேரம், பையின் நிறம் என்று தான் குறித்து வைத்திருந்ததைக் காட்டிவிட்டாள். "பாத்தீங்களா, இந்தப் பொண்ணு மாதிரி நாலு பேர் இருந்தா போதும்," என்றார் ஸ்ரீகண்டன். அந்த ஒரு வரிக்காக அவள் ஐந்து ஞாயிற்றுக்கிழமைகளாக அடுத்தவர் எச்சிலைக் கிளறிக்கொண்டிருந்தாள். எழுதும்போதும் நிம்மதி கிடையாது. மீன் தலை என்று எழுதினால் போதுமா, எத்தனை என்றும் எழுத வேண்டுமா? இப்படி எழுதுவது சரிதானா? முடிவு செய்ய முடியாமல் எண்ணியே எழுதுவாள்.

மீன் தலை, ஏழு. முட்டை ஓடு. தலைமுடிச் சுருள், ஹேர் டை பாக்கெட், டை கறை படிந்த பிளாஸ்டிக் உறை. அதற்கடியில் செய்தித்தாளில் சுற்றிய தட்டையான ஏதோ ஒன்று. காகிதத்தை விலக்கினாள். எலி பிடிக்கும் பசை அட்டை. அதில் எலி ஒட்டியிருந்தது. பிய்த்துக்கொள்ளப் பார்த்து ஒரு பக்கத்துத் தோலே உரிந்திருந்தது. கண் இருந்த இடத்தில் எறும்புகள் மொய்த்தன. ரக்ஷிதா எழுந்து போஸ்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வெறும் தண்ணீர்தான் வந்தது. அந்த நேரத்தில் ஏதோ ஒன்று மனதில் தலை நீட்டியது. எலித் தொல்லை இல்லாத வீடு இந்தத் தெருவில் ஏது, சாக்கடை தோண்டிப் போட்டதிலிருந்து எல்லா வீட்டிலும்தானே எலி என்று சொல்லி அதை உள்ளே தள்ளினாள்.

பையின் அடியில் சாம்பல் நிறக் கூரியர் கவர் ஒன்று சுருண்டு கிடந்தது. லேபிள் நனைந்திருந்தாலும் எழுத்து அழியவில்லை.

"பியாட்ரிஸ். பதினாலாம் நம்பர், பின்கட்டு," என்று படித்தாள்.

ஸ்ரீகண்டன் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அவள் பார்த்தாள். பதினாலாம் நம்பர் அவருடைய கட்டடம். அதன் பின்கட்டில், கொய்யா மரத்துக்குப் பக்கத்து ஒற்றை அறையில், பத்தொன்பது வருடமாக பியாட்ரிஸ் ஆன்ட்டி குடியிருந்தாள். அதை இடித்துவிட்டு நான்கு மாடி விடுதி கட்ட அவர் பிளான் போட்டு வைத்திருப்பது தெருவுக்கே தெரியும். காலி செய்யச் சொல்ல ஒரு காரணம்தான் இதுவரை அவருக்குக் கிடைக்கவில்லை.

அவர்கள் போனபோது பியாட்ரிஸ் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். ஏழரை மணிப் பூசைக்குக் கிளம்பிய வெள்ளைச் சேலை. துணி திருத்திக் கொடுக்கும் தையல்காரி, தன் சேலையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவிட மாட்டாள். பையை அவள் காலடியில் வைத்தபோது அதிலிருந்து தண்ணீர் கசிந்து படியில் ஓடியது. அவள் சேலையைத் தூக்கிக்கொண்டு பின்வாங்கினாள்.

"இன்னா சார் இது?"

"உங்களுதுதான். ப்ரூஃப் இருக்கு. எல்லாம் ரெக்கார்ட் ஆவுது, பேசுறதப் பாத்துப் பேசுங்க."

பியாட்ரிஸ் கவரைப் பார்த்தாள். "பேரு என்னுதுதான். குப்ப என்னுது இல்ல சார். என் வீட்ல மீனே ஆக்கி ரெண்டு மாசம் ஆச்சி."

"குப்பைக்கு வாய் இருந்தா அதுவும் இல்லன்னுதான் சொல்லும்," என்றார். எதிர்வீட்டு டோரதி கேட்டில் சாய்ந்தபடி சிரித்தாள். பிறகு பியாட்ரிஸின் கண்ணில் படாமல் இருக்க சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

பியாட்ரிஸ் ரக்ஷிதாவிடம் திரும்பினாள். "நீ பாத்தியா கண்ணு? நீயா எடுத்த?"

"கவர் இதுக்குள்ளதான் இருந்துச்சி ஆன்ட்டி," என்றாள் ரக்ஷிதா. சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும் நாக்கில் மறுபடி அந்தப் புளிப்பு ஏறியது.

"மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க. சாயந்திரம் மீட்டிங்ல எழுதி எல்லாரும் சைன் போட்டுக் குடுப்போம். இனிமே உங்கள வச்சிக்க முடியாது," என்று சொல்லிவிட்டு ஸ்ரீகண்டன் வீடியோவை நிறுத்தினார். பியாட்ரிஸ் பூசைக்குப் போகவில்லை. பையைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ரக்ஷிதா டெட்டால் விட்டு மூன்று தடவை கை கழுவினாள். அம்மா மலர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் வாரத்துக்கு ஆறு நாள் காய் நறுக்குகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் கை சும்மா இருக்காது. மேசை மேல் ரக்ஷிதாவின் ஃபோன் விடாமல் அதிர்ந்தது. குழுவில் வீடியோ வந்துவிட்டது. கும்பிடு போடும் கைகளும் கோபம் காட்டும் முகங்களும் வரிசையாக விழுந்தன. மலர் ஈரக் கையோடு ஃபோனை எடுத்துப் பார்த்தாள். எலியைக் காட்டிய இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"அய்யோ," என்றாள் மெதுவாக. "அது நம்மளுதுடி."

ரக்ஷிதா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள்.

"வெள்ளிக்கிழம நீ இன்னா சொன்ன? எலி மாட்டிக்கிச்சின்னு சொன்னதும் காதப் பொத்திக்கினு, நான் கிளாஸ் முடிஞ்சி வரதுக்குள்ள அது இங்க இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போன. நான்தான உயிரோட அதச் சுத்திக் கட்டினேன்? நேத்து காலைல பஸ்ஸுக்குப் போறப்ப போட்டேன்."

"மூலைலயா?"

"பின்ன எங்க? குப்ப அள்ற கச வண்டி ஒம்பதரைக்கு வருது. நான் அஞ்சே முக்காலுக்குப் பஸ்ஸு ஏறணும், நீ எட்டு மணிக்குக் கெளம்புற. வாசல்ல வச்சா நாய் கிழிக்குது, மாடி வீட்டம்மா கத்துது. யாருகிட்டக் குடுக்கிறது?"

"அஞ்சி வாரமாவா?"

"தெனமுமா போட்டேன்? நாத்தம் தாங்காத அன்னிக்கு மட்டும்தான்."

ரக்ஷிதாவுக்குப் பைகள் வரிசையாக ஞாபகம் வந்தன. போன மாதம் இருபத்திரண்டாம் தேதிப் பை. அதில் இருந்த சுரைக்காய்த் தோலைக் கிளறும்போது, இவ்வளவு அசிங்கமாக எந்த ஜென்மம் வாழும் என்று நினைத்தது நினைவிருந்தது. அந்த வாரம்தான் வீட்டில் சுரைக்காய்க் கூட்டு. இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டிருந்தாள்.

"அந்தக் கவரு எப்படி நம்ம வீட்டுக்கு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். அடுப்பு மேடையில் மிச்சம் இருந்த இரண்டு கொய்யாப்பழங்கள் பழுத்து மணத்துக்கொண்டிருந்தன. வியாழக்கிழமை பியாட்ரிஸ் கொண்டு வந்து கொடுத்தது. லேஸும் ஜிப்பும் வரும் கூரியர் கவர்களை அவள் தூக்கிப் போடுவதில்லை. நீவி மடித்து மெத்தைக்கு அடியில் வைத்து, மரம் காய்க்கும்போது அதில் பழத்தைப் போட்டு வீடு வீடாகக் கொடுப்பாள்.

"நான் போய் அக்காகிட்டத் தனியா சொல்லிக்கிறேன்," என்றாள் மலர். "நீ வாயத் தொறக்காத. கேன்டீன்ல பாதிப் பொம்பளைங்க இந்த ஏரியாதான். என்னியும் வீடியோ எடுத்துப் போட்டாங்கன்னா எந்த மூஞ்சிய வச்சிக்கினு நான் வேலைக்குப் போறது?"

"தனியா சொல்லி? அவங்களுக்கு வீடு திரும்பக் கெடச்சிடுமா?"

மலர் வெங்காயச் சருகை அள்ளி ஒரு கறுப்புப் பையில் போட்டாள்.

ஐந்து மணிக் கூட்டம் பதினாலாம் நம்பரிலேயே, ஸ்ரீகண்டன் வீட்டு பார்க்கிங்கில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஃப்ளாஸ்க்கில் டீ. காலி செய்யச் சொல்லும் கடிதத்தை அவர் டைப் செய்தே வைத்திருந்தார். சாட்சி என்ற இடத்தில் ரக்ஷிதாவின் பெயர் அச்சாகியிருந்தது. டோரதி பேக்கரியிலிருந்து நெய் பிஸ்கட் வாங்கி வந்திருந்தாள். பேக்கரிக்காரன் கொடுத்த காகிதப் பை கிழிந்துவிட்டதோ என்னவோ, வீட்டிலிருந்து ஒரு கவரில் மாற்றி எடுத்து வந்து ஆளுக்கு ஆள் நீட்டினாள். சாம்பல் நிறக் கவர். கைகள் உள்ளே போய் வந்தன. தன் முறை வந்தபோது ரக்ஷிதா லேபிளைப் பார்த்தாள்.

"டோரதி ஆன்ட்டி, இதுல பியாட்ரிஸ் ஆன்ட்டி பேரு போட்டிருக்கு."

டோரதி லேபிளை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டாள். "பழசுடி. கொய்யாப்பழம் குடுத்துது."

"எங்க வீட்லயும் இருக்கு. எல்லார் வீட்லயும் இருக்குல்ல?"

பிஸ்கட் மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. ஒருவர் டீயைப் பார்த்தார். இன்னொருவர் ஃபோனை எடுத்துக்கொண்டார். யாருக்கும் இது புதிய சேதி இல்லை என்று ரக்ஷிதாவுக்குப் புரிந்தது. காலையில் வீடியோவுக்குக் கும்பிடு போட்டபோதும் இவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"பாப்பா, அது வேற, இது வேற," என்றார் ஸ்ரீகண்டன். ஈரமான பிஸ்கட் துணுக்குகள் மீசையில் ஒட்டியிருந்தன. பேசும்போது அவை மேலும் கீழும் ஆடின. "நீயேதான கைய விட்டு எடுத்த? எதுக்குக் கொழப்புற? அந்தப் பழைய ரூமு எப்படியும் இடியப் போறதுதான். சைன் போடு."

பேனாவை நீட்டினார். அவர் விரலில் இருந்த நெய் பேனாவில் பளபளத்தது. ரக்ஷிதா அதைத் தொடவில்லை. சொல்ல வேண்டியதை வரிசையாக யோசித்து வைத்துத்தான் வந்திருந்தாள். முதலில் தேதி, பிறகு எலி, பிறகு அம்மா. அம்மா என்ற இடத்தில் நின்றுவிட்டாள். இப்போது சொன்னாலும் அது வேற, இது வேற என்றுதான் சொல்வார்களோ? தான் செய்யப்போவது அம்மாவுக்குச் செய்கிற துரோகமோ? எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரு நாற்றம் இருந்தது. நோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து பின்கட்டுக்கு நடந்தாள்.

பை வைத்த இடத்திலேயே இருந்தது. பியாட்ரிஸ் அதைத் தொடவில்லை. பகல் முழுக்க வெயில் பட்டுப் பை உப்பியிருந்தது, ஈக்கள் கறுப்பின் மேல் கறுப்பாக மொய்த்தன. சாத்திய கதவுக்குப் பின்னால் தையல் மெஷின் சத்தம் கேட்டது. ரக்ஷிதா கையுறை கொண்டுவரவில்லை. குனிந்து முடிச்சைப் பிடித்துத் தூக்கினாள். அடி கிழிந்திருந்தது. இடது உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்கினாள். கொழகொழவென்று ஏதோ மணிக்கட்டு வழியாக முழங்கை வரை இறங்கியது. அப்படியே நடந்தாள். மெஷின் சத்தம் நின்றது.

"ஏய், எங்க எடுத்துக்கினு போற? அது எவிடென்ஸ்மா!" ஸ்ரீகண்டனின் குரல் பின்னாலேயே வந்தது. நாற்காலிகள் நகரும் சத்தம். பதினாலாம் நம்பர் கேட்டிலிருந்து அவள் வீடு எட்டு வீடு தள்ளி. தன் வீட்டு வாசலில், அம்மா காலையில் போட்ட சின்னக் கோலத்தின் மேல் பையை இறக்கி வைத்தாள்.

மலர் நிலைப்படியில் நின்றிருந்தாள். கையில் வெங்காயச் சருகுப் பை, முடிச்சுப் போட்டுக் கட்டியது. மகளையும் பார்த்தாள், மகளுக்குப் பின்னால் உயர்ந்த ஃபோன்களையும் பார்த்தாள். உள்ளே போகவும் இல்லை, வெளியே வரவும் இல்லை.

ரக்ஷிதா திரும்பினாள். பதினாலாம் நம்பரிலிருந்து தன் காலடி வரை, சிமென்ட் ரோட்டில் ஈரம் சொட்டுச் சொட்டாகக் கோடு போட்டிருந்தது. அந்த முனையில் பியாட்ரிஸ் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரு நாய் ஒன்று கோட்டின் மேல் மூக்கை வைத்து, ஒவ்வொரு சொட்டாக நக்கியபடி, ஒவ்வொரு வீட்டு வாசலையும் கடந்து, வாலை ஆட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.