கூடத்தில் மாட்டிய தொப்பி

லண்டன் புறநகரான சர்பிட்டனில் கண்ணியமானவர்கள் பொய் சொல்வதில்லை; வேலைக்காரியை விட்டுச் சொல்லவைப்பார்கள். தெருக்கோடியில் குடியிருந்த இளம் விதவை மிசஸ் கோப்பின் வீட்டுக்கு அதே தெருக்காரி அகதா மரியாதைக்குப் போய் நின்றபோது, கதவைத் திறந்த வேலைக்காரி பாலி, "அம்மா வீட்டுல இல்லீங்க" என்றாள். அகதா அதை நம்பவும் இல்லை, தப்பாக நினைக்கவும் இல்லை. அவளும் அடிக்கடி இதையே சொல்லவைப்பவள்தான்.

ஆனால் பாலியின் தோளுக்கு மேலே, முன்கூடத்து ஆணியில், உயரமான கறுப்புத் தொப்பி ஒன்று தொங்கியது. மாமியார் செத்த துக்கத்துக்கு அகதாவே கோணல்மாணலாகத் தைத்த பட்டை அதைச் சுற்றி இருந்தது. அலுவலகத்தில் இருப்பதாகச் சொன்ன அவள் புருஷன் ஹெர்பர்ட்டின் தொப்பி.

புருஷன் அங்கே வந்ததைக்கூட அவள் விழுங்கியிருப்பாள். ஆனால் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வரும் ஆண்பிள்ளை தொப்பியைக் கையோடு வரவேற்பறைக்குக் கொண்டுபோவான். கூடத்தில் மாட்டுகிறவன் அந்த வீட்டுக்காரன் மட்டும்தான். தன் வீட்டில் கண்ட நாற்காலியில் வீசுகிற ஹெர்பர்ட், இங்கே எவ்வளவு ஒழுங்காக மாட்டியிருக்கிறான். உள்ளே பாய்ந்துவிடலாம். ஆனால் ஆள் இல்லை என்று சொன்ன வீட்டுக்குள் நுழைந்தால், தெரு நாளைக்கு அவளைப் பார்த்துத்தான் சிரிக்கும்.

அப்போது உள்ளேயிருந்து மணியடித்தது. வீட்டில் இல்லாத எஜமானிக்கு டீ வேண்டுமாம். பாலி முகம் சிவந்து ஓடினாள்.

வந்துபோகிறவர்கள் சீட்டு வைக்கும் முன்கூடத்துத் தட்டில் அகதா தன் பெயர்ச்சீட்டை வைத்தாள். மனைவிமார் செய்யவேண்டிய முறைப்படி, கணவனின் பெயர்ச்சீட்டையும் பக்கத்திலேயே வைத்தாள். பிறகு தொப்பியை எடுத்து மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மாலையில் ஹெர்பர்ட் வெறுந்தலையோடு தெரு முழுக்க நடந்து வந்தான். வீட்டுக்கு வீடு ஜன்னல் திரை விலகியது. கால்சட்டை இல்லாமல் வந்திருந்தால்கூட இத்தனை பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

"ஆபீஸ்லேர்ந்து வர்ற வழியில தொப்பிய காத்து அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு" என்றான்.

"நல்ல காத்துதான். நம்ம வீடு தெரிஞ்சு கொண்டாந்து வச்சிருக்கே."

கூடத்து மேசையில் தொப்பி இருந்தது. ஒரு நாளும் இல்லாத திருநாளாக, அதை எடுத்து ஆணியில் மாட்டப்போனான்.

"மாட்டாதீங்க" என்றாள் அகதா. "கையிலயே வச்சுக்கிட்டு உள்ள வாங்க. விருந்தாளிங்க அப்படித்தான் வரணும்."