படகைத் துரத்திய மீன்

“மீன் தானா திரும்பட்டும் ஹெஸ்டர். அப்புறம் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“இப்பவே கேட்டா என்ன, வெண்டெல்?”

“வட்டம் போடற மீனைச் செஞ்சவனுக்கு எதைக் கேக்கறதுக்கும் யோக்கியதை கிடையாது.”

போன குளிர்காலத்தில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பகலில் நடந்த பேச்சு இது. அன்றிலிருந்து ஹெஸ்டர் ஆயிரம் தடவை அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டாள். அவன் என்ன கேட்பான் என்பது அமெரிக்காவின் கனெக்டிகட் கரையிலிருந்த அந்தக் கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். மீனுக்குத்தான் தெரியவில்லை.

டார்பிடோவைத்தான் அவர்கள் மீன் என்பார்கள். நீர்மூழ்கியிலிருந்து விட்டால், மேலே வேட்டையாட வரும் கப்பலின் சத்தத்தைக் கேட்டு, தானாகவே திரும்பிப் போய் அதைத் தாக்க வேண்டும். அதற்கு இரண்டு பக்கமும் காது வைத்தவள் இயற்பியல் படித்த ஹெஸ்டர். காது சொல்கிறபடி திரும்பும் சுக்கானைச் செய்தவன் வெண்டெல். ஆனால் மீனோ தன்னைத் தள்ளும் வால்விசிறியின் இரைச்சலைத் தவிர வேறு எதையும் கேட்காமல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருந்தது. விசிறியை மெதுவாக்கினால் காது கேட்கும் என்று இருவரும் சேர்ந்துதான் கண்டுபிடித்தார்கள். ஹெஸ்டரின் தம்பி ரஸ்ஸல் பசிபிக் போரில் ஒரு நீர்மூழ்கியில் இருந்தான். ஒவ்வொரு கம்பியைப் பற்றவைக்கும்போதும் அவன் முகம் அவளுக்கு முன்னால் வந்து நிற்கும்.

1944 ஜூலையில் கடைசிச் சோதனை. கடற்படைக் கமாண்டரே வந்து துறைமேடையில் தொலைநோக்கியோடு நின்றார். இன்றும் வட்டம் போட்டால் கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள். வெண்டெலுக்குக் கலிபோர்னியாவில் வேறு வேலை. அவன் கேட்க நினைத்ததும் அவனோடு ரயிலேறிவிடும் என்பதுதான் ஹெஸ்டரின் கவலை.

மீனை மீட்கும் படகு மனுவல் ஃபர்ட்டாடோவுடையது. அதிலிருந்துதான் இருவரும் சோதனையைப் பார்ப்பார்கள். தூரத்து மிதவையின் அடியில் சத்தப்பெட்டி இரையும். அதைக் கேட்டு மீன் வர வேண்டும். அதுவரை வேறு எந்த எஞ்சினும் ஓடக்கூடாது.

“வாத்தியாரே, இன்னிக்கு உங்க தொப்பி தலையிலேயே இருக்குமா?” என்றார் மனுவல். சோதனை தோற்றால் வெண்டெல் தொப்பியைக் கழற்றிப் படகில் அடிப்பான். உடனே மனுவல் எஞ்சினைக் கிளப்பி மீனை மீட்கப் போவார். இத்தனை மாதமும் அதுதான் வழக்கம்.

“இன்னிக்குத் தொப்பியைத் தொடவே மாட்டேன், மனுவல்.”

சற்றுத் தள்ளி நின்ற தெப்பத்திலிருந்து ஆட்கள் மீனை விட்டார்கள். தண்ணீருக்கடியில் எழும் சத்தத்தைக் கேட்க வெண்டெல் காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக்கொண்டான். சட்டென்று அவன் முகம் வெளுத்தது.

“பெட்டி செத்துப்போச்சு ஹெஸ்டர். தண்ணி புகுந்துடுச்சு. சத்தமே இல்ல.”

“ஐயோ! மீன் எதைத் தேடிப் போகும்?”

வெண்டெல் தொப்பியைக் கழற்றி ஓங்கி அடித்தான்.

மனுவல் பெருமூச்சு விட்டு எஞ்சினைக் கிளப்பினார். அந்தப் பழைய எஞ்சின் டக்டக்கென்று ஊரையே எழுப்பியது.

“மனுவல், நிறுத்துங்க! மீன் இன்னும் ஓடுது!” என்று கத்திய ஹெஸ்டர், அடுத்த கணம் வாயைப் பொத்திக்கொண்டாள். நீலத் தண்ணீரில் குமிழிக்கோடு ஒன்று அழகாக வளைந்து, நேரே அவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

“நிறுத்தாதீங்க! இடது பக்கம் திருப்புங்க!” என்றாள்.

படகு திரும்பியது. கோடும் திரும்பியது.

“வலது பக்கம்!” வெண்டெல் குதித்தான். “வருது ஹெஸ்டர்! நம்ம பின்னாடியே வருது!”

“சந்தோஷப்படற விஷயமாடா இது?” மனுவல் சிலுவை போட்டுக்கொண்டார். “மகளே, அதுக்குள்ள வெடிமருந்து இருக்கா?”

“இல்ல மனுவல், வெறும் தலை!”

“இந்தப் பையனுக்கு இருக்கற மாதிரியா?”

மீன் படகின் பின்பக்கத்தில் லேசாக முட்டியது, பசுங்கன்று மடியை முட்டுவதுபோல. துறைமேடையில் கைதட்டல் எழுந்தது. வெண்டெல் ஹெஸ்டரின் இரு கைகளையும் பிடித்துச் சுற்றினான். படகு ஆடியது. மனுவல் இருவரையும் திட்டிக்கொண்டே சிரித்தார். ரஸ்ஸல், உனக்கு ஒரு துணை வருகிறது என்று ஹெஸ்டர் நினைத்துக்கொண்டாள்.

கரையில் கமாண்டர் வெண்டெலின் முதுகில் தட்டினார். “அபாரம்! மாலுமிகளுக்கு நீங்களே சொல்லிக்குடுக்கணும். திங்கட்கிழமை ஹவாய் கிளம்பறீங்க.”

வெண்டெலின் சிரிப்பு பாதியில் நின்றது. கமாண்டர் போனதும் நசுங்கிய தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான்.

“மீன் திரும்பிடுச்சு, வெண்டெல்,” என்றாள் ஹெஸ்டர்.

“திரும்பிடுச்சு. ஆனா நான் கிளம்பறேனே. எப்ப வருவேன்னு தெரியாதவன் எப்படி...”

“கேளுடா, மடையா!” படகிலிருந்து மனுவலின் குரல்.

வெண்டெல் தொப்பியின் நசுங்கலை விரலால் நிமிர்த்தப் பார்த்தான்.

ஹெஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. “இது என்ன வருஷம்?”

“நாப்பத்தி நாலு.”

“பிப்ரவரிக்கு எத்தனை நாள்?”

“இருபத்தொன்பது...” அவன் கண்கள் விரிந்தன. லீப் வருடத்தில் பெண்ணே ஆணிடம் கல்யாணத்துக்குக் கேட்கலாம் என்ற பழைய வழக்கம் அவன் அம்மா ஊரிலும் உண்டு.

அவள் தொப்பியை வாங்கி, அதன் நசுங்கலை நிமிர்த்தி, அவன் தலையில் வைத்தாள்.

“எட்டு மாசமா நீங்க கேப்பீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். இனிமே முடியாது. நானே கேக்கறேன், வெண்டெல். திங்கட்கிழமைக்குள்ள என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”